கண்ணாடிக் காவல் நிலையமும் குல்தானி சிறையும்

'லஞ்சத்தையும் ரவுடிகளையும் ஒழிக்க இரும்புக்கரம் வேண்டும், ஒழித்துக் காட்டிய ஜார்ஜியா நாட்டைப் பாருங்கள்' என்று எழுதுகிறவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தப் பாதி உண்மைதான். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் 1992-இல் அங்கே ஆட்சியைப் பிடித்தவர்களில் ஒருவரான ஜாபா இயோசெலியானி, வங்கிக் கொள்ளைக்காகச் சிறை சென்றவர். (நாடகங்களும் எழுதியிருக்கிறார்!) அடுத்து நாட்டை ஆண்ட ஷெவர்த்நாத்சே காலத்தில் போக்குவரத்துக் காவலர் வேலையையே காசு கொடுத்து வாங்கினார்கள், போட்ட பணத்தைச் சாலையில் லஞ்சமாக எடுத்தார்கள். கடன் தகராறா, சொத்துத் தகராறா? மக்கள் நீதிமன்றத்தை நம்பாமல் 'சட்டத்துத் திருடர்கள்' எனப்பட்ட தாதாக்களிடம் பஞ்சாயத்துக்குப் போனார்கள். சிறைக்குள்ளேயே பட்டம் கட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

2004-இல் சாகாஷ்விலி அதிபரானார். போக்குவரத்துக் காவல் துறையையே கலைத்துவிட்டு, நல்ல சம்பளத்தில் புதிய ரோந்துப் படையை அமர்த்தினார். உள்ளே நடப்பது வெளியே தெரியட்டும் என்று கண்ணாடிச் சுவர்களோடு காவல் நிலையங்கள் எழும்பின. 2005 டிசம்பரில் வந்த சட்டம் இன்னும் சாமர்த்தியமானது: 'சட்டத்துத் திருடன்' என்ற பட்டத்தோடு இருப்பதே குற்றம். அந்தப் பட்டத்தை மறுத்துப் பேசக்கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. 'நீ அவனா?' என்று நீதிபதி கேட்டால் 'ஆம்' என்றால் சிறை, 'இல்லை' என்றால் மானம் போச்சு. பலர் ரஷ்யாவுக்கு ஓடினார்கள்.

லஞ்சம் குறைந்தது, தெரு அமைதியானது. சரி, அப்புறம்?

நீதிமன்றங்களில் நூற்றுக்கு ஒருவர்கூட விடுதலையாகாத நிலை வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அரசுக்குப் பணமும் கட்டினால் தண்டனை குறையும். நிரபராதியும் வழக்கை நடத்தப் பயந்து பேரத்துக்கு இறங்கினான். சுமார் 45 லட்சம் பேர் கொண்ட நாட்டில், 2011 வாக்கில் ஏறத்தாழ 24,000 பேர் கம்பிக்குப் பின்னால். ரவுடிக்குப் பயந்த குடும்பங்கள் அரசு வழக்கறிஞருக்குப் பயந்தன. கண்ணாடிச் சுவர் காவல் நிலையத்தோடு முடிந்துவிட்டது. சிறைக்கு அதை யாரும் கட்டவில்லை.

2012 செப்டம்பரில் தலைநகர் திபிலீசியின் குல்தானி சிறைக் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தன. காவலர்கள் கைதிகளை அடித்தார்கள்; பாலியல் வதை செய்தார்கள். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அக்டோபர் 1 தேர்தலில் சாகாஷ்விலியின் கட்சி தோற்றது. சிறைக் காட்சி மட்டுமே காரணமில்லை. எதிரே பெரும் கோடீஸ்வரர் இவானிஷ்விலி பணபலத்தோடு நின்றார். அவர் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் சாகாஷ்விலிக்கு எதிராக வாக்களித்த மக்களை 'நன்றி கெட்டவர்கள்' என்று எழுதுவதை ஏற்க மாட்டேன். லஞ்சம் வாங்காத காவலரைத் தந்ததற்குக் கூலியாக, தங்கள் பிள்ளைகளைச் சிறையில் வதைக்க உரிமை தருவதாக அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.