சொல்வதெழுதிய மன்னிப்புக் கடிதம்

என் தங்கச்சியின் மகள் உயர்தரம் (ஏ.எல்.) படிக்கிறாள். மூன்று வாரத்துக்கு முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, வீட்டில் இருந்தபடி வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டாள். பாடசாலையில் பெண் பிள்ளைகளின் கழிவறைக் குழாய். அதற்குக் கீழே ஒரு சிவப்பு வாளி, அடிவரை காய்ந்து, உள்ளே ஒரு செத்த பல்லி. படத்தின் அடியில் ஒரு வரி: "மூணு மாசமாத் தண்ணி இல்ல. யாரிட்டச் சொல்ற?" அவ்வளவுதான். பாடசாலையின் பெயர் இல்லை, யாருடைய பெயரும் இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை.

புதன்கிழமை யாரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஆசிரியர்களின் குழுவில் போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளையில் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு பாடம் முடியும்வரை அறையில் நிற்க வைத்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்களாம். என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் ஒருவர் சொல்லச் சொல்ல இவள் எழுதினாள். "பாடசாலையின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தமைக்காக மனம் வருந்துகிறேன்." நாலாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் எழுதிய மாதிரி. மாணவத் தலைவி சின்னத்தையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். அடுத்த நாள் தாயைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி, "இனி இப்படி நடந்தால் நற்சான்றிதழ் எதிர்பார்க்க வேண்டாம்" என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

எந்தப் பாடசாலை என்று சொல்லமாட்டேன். மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் என்பதோடு விடுகிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு பாடசாலையைப் பற்றியதாகிவிடும். எனக்குத் தெரிந்து இது வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் நடக்கிறது, மேற்கே படுவான்கரையிலும் நடக்கிறது, அங்கால அம்பாறைப் பக்கமும் நடக்கிறது.

நானும் பதினான்கு வருஷம் வகுப்பறையில் நின்றவள். ஆசிரியர்களின் பக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஒருமுறை தரம் ஒன்பது பெடியன் ஒருவன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் என் நடையைப் பற்றி நாலு வரிப் பாட்டு எழுதி வைத்திருந்தான். வாசித்ததும் முகம் எரிந்தது. அந்தத் தாளைக் கிழித்து அவன் முன்னாலேயே சுருட்டி எறிந்தேன். இன்றைக்கு அதே பாட்டு டிக்டொக்கில் வந்தால் ஊரே பார்க்கும், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரும் பார்ப்பார்கள். ஆசிரியர்களின் முகத்தை வெட்டி ஒட்டி மீம்ஸ் போடுகிற பக்கங்களையும் பார்த்திருக்கிறேன், சில பார்க்கக்கூடாத மாதிரி இருக்கும். அந்த வலி உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லவரவில்லை.

ஆனால் வலித்தது என்பதற்கும் தண்டிக்கலாம் என்பதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே என்று நாங்கள் யாரும் உட்கார்ந்து யோசிக்கவே இல்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். எங்கள் அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் கொடுக்கிறது. பதினெட்டு வயதானால்தான் என்று அதில் இல்லை. எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்பது 15 ஆம் உறுப்புரையில் இருக்கிறது: இன, மத இணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, மற்றவர்களின் உரிமைகள் என்று போகும். அதுவும் சட்டத்தால் விதிக்கப்பட்டிருக்க வேண்டும். "பாடசாலையின் நற்பெயர்" என்று அதில் ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டு முறை வாசித்தேன். இல்லை. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 13 ஆவது உறுப்புரை பிள்ளைக்குக் கருத்துச் சொல்லும் உரிமையைக் கொடுக்கிறது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது 28 ஆவது. இதையெல்லாம் குடியுரிமைக் கல்விப் பாடத்தில் நாங்களே படிப்பிக்கிறோம். பரீட்சையில் கேள்வியாகக் கேட்டுப் புள்ளியும் போடுகிறோம். என் தங்கச்சி மகள் தமிழ்த்தினப் போட்டியில் பேச்சுக்கு வலய மட்டத்தில் முதலாமிடம் எடுத்தவள். அன்றைக்குக் கைதட்டியவர்களில் இரண்டு பேர் அந்த அறையிலும் இருந்தார்கள் என்று அவள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்படியொரு வழக்கு அமெரிக்காவில் நடந்தது. 2017 இல் பென்சில்வேனியாவில் மஹனோய் என்ற இடத்தில், பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று. பாடசாலையின் சியர்லீடர் அணியில் பெரிய குழுவில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் ஒரு சனிக்கிழமை, கடை ஒன்றில் நின்றபடி, நடுவிரலைக் காட்டி ஸ்னப்சட்டில் படம் போட்டது. பாடசாலை, அணி எல்லாவற்றையும் தூஷண வார்த்தையால் ஏசி எழுதியது. ஒரு வருஷம் அணியை விட்டு நிறுத்தினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2021 ஜூனில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிள்ளையின் பக்கம் தீர்ப்பானது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஸ்டீபன் பிரேயர் சொன்ன காரணம்தான் எனக்கு முக்கியம். பாடசாலைக்குள்ளும் கட்டுப்பாடு, வெளியிலும் கட்டுப்பாடு என்றால், அந்தப் பிள்ளைக்கு நாளின் இருபத்துநாலு மணித்தியாலத்தில் வாய் திறக்க ஒரு நேரமும் மிஞ்சாது. பாடசாலைக்கு வெளியே பிள்ளைக்குப் பொறுப்பு பெற்றோர். அதே தீர்ப்பு பாடசாலையின் கையை முழுதாகக் கட்டவும் இல்லை. இன்னொரு பிள்ளையைக் குறிவைத்துக் கடுமையாகத் துன்புறுத்தினாலோ, ஆசிரியரையோ மாணவரையோ மிரட்டினாலோ, வெளியில் நடந்தாலும் பாடசாலை தலையிடலாம் என்றது.

அங்கத்தைய தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை தூஷணம் எழுதியது, எங்கள் பிள்ளை தண்ணீர் கேட்டது.

கோடு எங்கே என்று என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஒரு பெடியன் வகுப்புப் பிள்ளையின் படத்தை அசிங்கமாக மாற்றிப் பரப்பினால், அது இரவு பதினொரு மணிக்கு அவன் வீட்டுக் கட்டிலில் இருந்து நடந்தாலும் பாடசாலை சும்மா இருக்கக்கூடாது. அடுத்த நாள் காலையில் அந்தப் பெண் பிள்ளை அதே வகுப்புக்குள்தான் நுழைய வேண்டும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும் அறிவிக்க வேண்டும். இந்த விஷயங்களில்தான் எங்கள் பாடசாலைகள் "வீட்டு விஷயம், பெற்றோர் பேசித் தீருங்கள்" என்று கை கழுவுவதைப் பார்க்கிறேன். குழாயில் தண்ணீர் இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் ஒழுக்காற்று விசாரணை ஒரே நாளில் கூடுகிறது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

போன் கொண்டு வந்தது பிழை என்றும் சொன்னார்களாம். படம் எடுத்தது துப்புரவுச் சிரமதானத்துக்கு வரச் சொன்ன சனிக்கிழமை. அப்புறம், அந்தப் போனை அவள் கையில் கொடுத்தது யார்? 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடிய பிறகு, வட்ஸ்அப் குழுவில் சேராவிட்டால் படிப்பு இல்லை என்று சொன்னவர்கள் நாங்கள். தங்கச்சி கையில் கிடந்த ஒரு சோடி வளையலை அடகு வைத்துத்தான் அந்தப் போனை வாங்கினாள். இன்றைக்கும் வீட்டுவேலை அதில்தான் வருகிறது.

தங்கச்சி என்னிடம் சொன்னது, "அக்கா, விடுங்க. கையெழுத்துப் போட்டாச்சு. ஏ.எல். முடியட்டும். நாம பட்டது காணும்." அவளை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் வாயைத் திறந்ததற்காகக் காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். போர் முடிந்து பதினொரு வருஷம் ஆன பிறகும், அஹ்னாஃப் ஜசீம் என்ற இளம் ஆசிரியர் தமிழில் எழுதிய கவிதைகளைக் காட்டி 2020 மே மாதம் கைது செய்யப்பட்டார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில், வழக்கிலிருந்து விடுதலை 2023 இல். இப்போது இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்துகிற 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அந்த அறையில் அதன் பெயரையும் சொல்லித்தான் பிள்ளையை வெருட்டியிருக்கிறார்கள். உண்மையான குழாயின் உண்மையான படம் எந்தச் சட்டத்தில் குற்றம் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

தாய்மார் பயத்தில் பிள்ளையின் வாயைப் பொத்துவது எனக்கு விளங்குகிறது. பாடசாலையும் சேர்ந்து பொத்தினால் பிள்ளை எங்கே போய்ப் பேசும்? மாணவர் மன்றத்தில் சொல்லலாமே என்கிறார்கள். சொன்னாள். இரண்டு முறை சொல்லி, கூட்டக் குறிப்பிலும் எழுதப்பட்டிருக்கிறது. பெண் பிள்ளைகள் காலை ஏழரையில் இருந்து ஒன்றரை மணிவரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியிருக்கிறார்கள், கழிவறைக்குப் போக வேண்டி வரும் என்று. மாதவிடாய் நாளில் பாதிப் பேர் வருவதில்லை. இதைத்தான் அந்த ஒரு வரி கேட்டது.

ஸ்டேட்டஸ் போட்ட ஒன்பதாம் நாள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டரில் ஒரு சின்னக் கோளாறாம்.

வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருபத்துநாலு மணித்தியாலத்தில் தானாக அழிந்துவிடும். அந்த மன்னிப்புக் கடிதம் அழியாது. அவளுடைய கோப்பில் இருக்கும், நாளைக்கு நற்சான்றிதழ் எழுதுகிறவர் அதைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பார். இதே நிலையில் இருக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். அரச பாடசாலை அதிபரின் முடிவு அடிப்படை உரிமையை மீறினால் உச்ச நீதிமன்றம் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். கொழும்புக்குப் போக முடியாதவர்கள் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. முதலில் அதிபரிடமே போகிறோம். திங்கட்கிழமை காலை நானும் தங்கச்சியும் போய், அந்தக் கடிதத்தையும் சின்னத்தையும் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்கப்போகிறோம். கேட்டு எழுதும் கடிதத்தைத் தங்கச்சி மகள்தான் எழுதியிருக்கிறாள். ஒரு பக்கம். இந்த முறை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.