"எந்தக் கேமரா?" என்பதுதான் முதல் கேள்வியா?

போன ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கிருந்தவர்களே நிறைய எழுதிவிட்டார்கள். 19 வயதுப் பையனின் 12 நிமிடக் குறும்படம். முடிந்து விளக்கைப் போட்டதும் முன்வரிசையிலிருந்து வந்த முதல் கேள்வி, "எந்தக் கேமரா, தம்பி?" அவன் ஒரு சின்னக் கேமராவின் பெயரைச் சொன்னான். "அதான் பார்த்தேன், வீடியோ மாதிரி இருந்துச்சு" என்று, சினிமா மாதிரி இல்லை என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டு, கேட்டவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை.

அவருக்கு இரண்டு இருக்கை தள்ளித்தான் நான் இருந்தேன். பாட்டி ஊசியில் நூல் கோக்கும் காட்சி வந்தபோது அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். நூல் முனை இரண்டு தடவை ஊசிக் காதில் இடறி மடங்குகிறது. பாட்டி அதை உதட்டில் வைத்து நனைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி மறுபடி நுழைக்கிறாள். அதற்கு வெளிச்சம் ஒரே ஒரு ஜன்னல். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, முகத்தின் நிழல் பக்கத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் திருப்பியிருந்தான். அவ்வளவுதான் லைட்டிங். அந்த நொடியில் அவருக்கு அது வீடியோவாகத் தெரியவில்லை. கேமராவின் பெயரைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

நான் சொல்ல வருவது இதுதான்: படத்தைப் பாருங்கள், பெட்டியைப் பார்க்காதீர்கள்.

உடனே சிலர் வருவீர்கள். "பெரிய சினிமா கேமராவான அலெக்ஸாவும் இந்தச் சின்னக் கேமராவும் ஒன்றா?" இல்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை. நிறத்தைப் பதிவு செய்யும் நுணுக்கம் 8 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள், 10 பிட் என்றால் 1024. மாலை வானத்தை 8 பிட்டில் எடுத்து கலர் கிரேடிங்கில் (எடுத்த பிறகு நிறங்களைத் திருத்தும்போது) இழுத்தால் வரிவரியாகப் பிளந்துவிடும். கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பினால், ஃப்ரேமை வரிவரியாகப் பதிவு செய்யும் ரோலிங் ஷட்டரில் தூண்கள் சாயும். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வெயிலையும் உள்ளே இருக்கும் இருட்டையும் ஒரே ஷாட்டில் பிடிக்க விலை உயர்ந்த கேமராவின் டைனமிக் ரேஞ்ச் பெரிய வரம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பதினைந்து வருடமாக இதில்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அந்தப் பையன் படத்தில் வானம் பிளந்ததா, தூண் சாய்ந்ததா? எதுவும் இல்லை. பிறகு எதை வைத்து அந்தத் தீர்ப்பு?

2002இல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தின் பெரும்பகுதி கேனான் எக்ஸ்எல்1 என்ற வீடியோ கேமராவில், மினி டிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ டேப்பில் எடுத்தது. இன்றைய சாதாரண போனில் அதைவிடத் தெளிவு அதிகம். 2015இல் 'டேஞ்சரின்' ஐபோன் 5எஸ்-இல் வந்தது. 2023இல் 'தி கிரியேட்டர்' சோனியின் சின்னக் கேமராவான எஃப்எக்ஸ்3-இல். அதன் ஒளிப்பதிவாளர்கள் இருவரில் ஒருவரான கிரெய்க் ஃப்ரேசர் 'டியூன்' படத்தை அலெக்ஸா எல்எஃப்-இல் எடுத்து ஆஸ்கர் வாங்கியவர். இரண்டையும் கையாண்டவரே சின்னக் கேமராவை ஒதுக்கவில்லை, நாம் ஒதுக்குகிறோம்.

"அவர்களுக்கு லென்ஸ், லைட், கிராஃபிக்ஸ், ஆள்பலம் எல்லாம் இருந்தது" என்பீர்கள். சரி, நானும் அதைத்தானே சொல்கிறேன்! படத்தைத் தூக்கி நிறுத்துவது கேமராவைச் சுற்றி இருப்பவைதான். லைட், லென்ஸ், சவுண்ட், எல்லாவற்றுக்கும் மேல் பார்க்கிற கண். கையில் இருக்கும் பணம் முழுவதையும் கேமரா பாடியில் கொட்டிவிட்டு, கேமரா மைக்கிலேயே வசனத்தைப் பதிவு செய்த எத்தனை படங்களை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், நானும் அந்த இடத்தில் நின்றவன். முதல் விளம்பர வாய்ப்பு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு கேனான் 5டி மார்க் 2. டெஸ்ட் ஷூட் காட்டினேன், விளம்பரம் கொடுத்தவர்களுக்குப் பிடித்திருந்தது. படப்பிடிப்பு அன்று காலை நான் பையிலிருந்து கேமராவை எடுத்ததைப் பார்த்துவிட்டு, "போட்டோ கேமராவா?" என்று கேட்டார்கள். மதியத்துக்குள் வேறு ஆள் வந்துவிட்டார். அவர் கொண்டுவந்த பெரிய கேமராவுக்கு ட்ரைபாட் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் கடன் வாங்கிப் பெரிய கேமரா வாங்கினேன். தவணை கட்டுவதற்காகவே மூன்று வருடம் பிடிக்காத வேலையெல்லாம் செய்தேன். அந்த மூன்று வருடத்தில் எனக்கென்று ஒரு ஃப்ரேம் கூட எடுக்கவில்லை. கேமரா இருந்தது, நான் இல்லை.

"ஒரு கேள்விதானே கேட்டார், இதற்கு இவ்வளவு கோபமா?" என்று இன்பாக்ஸில் கேட்ட நண்பருக்கு: ஆமாம், கோபம்தான். நேற்று இரவு அந்தப் பையன் போன் செய்தான். அடுத்த கதை தயாராக இருக்கிறதாம். ஆனால் "பெரிய கேமரா வாங்கிட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் அண்ணே, லோன் கிடைக்குமான்னு விசாரிக்கிறேன்" என்றான். வேண்டாம் என்று அரை மணி நேரம் பேசினேன். "சரிண்ணே" என்றான். குரலில் சரி இல்லை.

முன்வரிசையில் இருந்தவரே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். அவன் எண்ணை அனுப்புகிறேன். பாட்டியின் காட்சியில் ஏன் முன்னால் சாய்ந்தீர்கள் என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் வங்கிக்குப் போவதற்கு முன்னால் சொல்லுங்கள்.