எந்த ஆண்டின் அறிவுரை?

அர்ஜென்டினா செல்வோர் டாலரைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்த் தெருவில் மாற்றுவதே ஆதாயம் என்று நான் படித்த ஒரு பயணக் கட்டுரை கூறுகிறது. 2022-ஆம் ஆண்டுக்கு இது பொருந்தும். அவ்வாண்டு ஜூலையில் அரசு விகிதப்படி ஒரு டாலருக்கு அந்நாட்டு நாணயமான பேசோ ஏறத்தாழ 130 கிடைத்தபோது, ‘ப்ளூ டாலர்’ எனப்பட்ட தெருச் சந்தை விலை 300-ஐத் தாண்டியிருந்தது. ஆனால், அவ்வாண்டின் இறுதியிலிருந்தே வெளிநாட்டுக் கடன், பற்று அட்டைகளுக்கு ஏறக்குறைய சந்தை விலையே கிடைக்கத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் தனிநபர்கள் டாலர் வாங்குவதற்கான கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீக்கப்பட்ட பின் இரு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடு மிகவும் சுருங்கிவிட்டது.

கட்டுரை சொல்லாமல் விட்ட ஆபத்துகளே என்னை எழுதத் தூண்டின. தலைநகர் புவெனஸ் ஐரிஸின் ஃபுளோரிடா தெருவில் ‘காம்பியோ, காம்பியோ’ (பணமாற்றம்) என்று கூவி அழைப்பவர்களை ‘சிறுமரம்’ என்று பொருள்படும் ‘அர்போலிட்டோ’ என்பார்கள். அவர்கள் நம்மை அழைத்துச் செல்லும் மறைவான அலுவலகத்துக்குக் ‘குகை’ என்று பெயர். இரண்டும் சட்டத்துக்குப் புறம்பானவை என்பதால், கள்ளநோட்டு கையில் வந்தாலும் முறையிட வழியில்லை. 2022-இல் மிகப் பெரிய நோட்டே 1000 பேசோதான். முந்நூறு டாலரை மாற்றினால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நோட்டுகளை அந்நியர் முன்னிலையில் அவசரமாக எண்ண வேண்டியிருந்தது, ஏமாற்றத்துக்கு அதுவே போதுமான வாய்ப்பு. கிழிந்த, கறைபட்ட டாலர்களுக்கும் சிறு மதிப்பு நோட்டுகளுக்கும் விலையைக் குறைப்பார்கள் என்பதையும் கட்டுரையாசிரியர் சேர்த்திருக்க வேண்டும். இன்று செல்பவர்கள், புறப்படும் வாரத்தில் இரு விலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்குமாறு வேண்டுகிறேன்.