துண்டு சாரதிக்கு, லாபம் முதலாளிக்கு

கண்டி–யாழ்ப்பாண ஏ9 ரோட்டில் எதிரே வருகிற வாகனம் இரண்டு தரம் லைற் அடித்தால் என்ன அர்த்தம் என்று வன்னியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முன்னுக்குப் பொலிஸ் நிற்கிறது. உடனே எல்லோரும் 60க்கு இறங்குவோம். மரத்தடியில் நிற்கிறவர்களைக் காணாதது போலக் கடப்போம். வளைவு தாண்டியதும் பழையபடி 100. சாதி, சமயம், மொழி ஒன்றும் பார்க்காமல் இந்த நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் இலவசமாகச் செய்கிற ஒரே உபகாரம் இதுதான் போலிருக்கிறது.

நான் வாடகைக்கு வான் ஓடுகிறவன். கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்க, மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு, கோயில், கலியாணம், ஆஸ்பத்திரி என்று ரோட்டிலேயே கிடக்கிற பிழைப்பு. போன கிழமை ஒரு விபத்துச் செய்திக்குக் கீழே ஆளாளுக்கு "தண்டத்தைக் கூட்டு, எல்லாம் சரிவரும்" என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் போலிருந்தது. தண்டத்தைக் கூட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை. அது யாருடைய பொக்கற்றில் இருந்து போகிறது என்பதுதான் என் கேள்வி. வேகத்தின் விலை வாகன முதலாளியின் இன்சூரன்ஸ் கட்டணத்திலும் ஏற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் ஓடுகிறவர்களிலேயே பாதிப் பேருக்கு இது சரியாகத் தெரியாது. ஊர்மனைக்குள் 50. வெளியில் காருக்கும் வானுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 70. பஸ்ஸுக்கும் லொறிக்கும் 60. 100 என்பது அதிவேக நெடுஞ்சாலைக்கு மட்டும். அப்படி ஒன்று வன்னியில் இல்லை. 2018 ஜூலையில் கொண்டுவந்த தண்ட அட்டவணை, எல்லையை எத்தனை வீதம் தாண்டினாய் என்று பார்க்கிறது. 20 வீதம் வரைக்கும் 3,000 ரூபாய், 30 வரைக்கும் 5,000, 50 வரைக்கும் 10,000, அதற்கு மேல் 15,000. 70 எல்லையில் கணக்குப் பார்த்தால் 84 வரை 3,000, 91 வரை 5,000, 105 வரை 10,000. புளியங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில் ஏதாவது ஒரு ஹையேஸின் பின்னால் பத்து நிமிடம் போய்ப் பாருங்கள், அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்று தெரியும்.

"காப்பெற் ரோட்டு போட்டு வைத்துவிட்டு 70 என்றால் யார் ஓடுவது?" என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வவுனியாவில் இருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 75 கிலோமீற்றர். 70இல் போனால் ஒரு மணித்தியாலமும் ஒரு நாலைந்து நிமிடமும். ஓரிடமும் வேகம் குறைக்காமல் 100இல் போனால் முக்கால் மணித்தியாலம். மிச்சம் 19 நிமிடம். அதையும் முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கித் தின்று தீர்த்துவிடுவோம். விபத்து வராமல் இருக்கப் பிள்ளையாருக்குத் தேங்காயும் அடித்துவிட்டு, அடுத்த நிமிடமே ஆக்சிலேட்டரில் ஏறி நிற்கிற எங்களைப் பார்த்து அவர் என்ன நினைப்பாரோ தெரியாது.

அந்த 19 நிமிடத்துக்கு நாங்கள் கொடுக்கிற விலையைப் பாருங்கள். இருட்டில் மாட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகவே ஒரு வினாடி எடுக்கும். 70இல் அந்த ஒரு வினாடிக்குள் வண்டி 19 மீற்றர் போய்விடும், 100இல் 28. அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். வேகம் 70இல் இருந்து 100க்கு ஏறினால் மோதுகிற சக்தி இரட்டிப்பாகிறது, பிரேக் பிடித்து நிற்கிற தூரமும் அப்படியே. இது எங்கள் ரோட்டில் வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. மழை விட்ட இரவில் கட்டாக்காலி மாடுகள் சூட்டுக்கு வந்து தாரில் படுத்திருக்கும். காலபோக அறுவடை முடிந்தால் பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். பின்லைற் இல்லாத உழவு இயந்திரம் பெட்டியோடு போகும், ஒரு ரிப்ளெக்டர்கூட இராது, கிட்ட வந்த பிறகுதான் வைக்கோல் தெரியும். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் மூன்று சைக்கிளைச் சோடி சேர்த்துக் கதைத்துக்கொண்டு போவார்கள். வவுனியா வடக்குப் பக்கம் என்றால் யானையும் வரும். ரோட்டு நல்லாய் இருக்கிறது, உண்மை. ரோட்டில் நிற்கிறவைதான் 100க்கு ஆயத்தம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் வேகத்தைப் பற்றிக் கதைத்தால் முதலில் வருகிறது டிப்பர். மணலும் கிரவலும் ஏற்றுகிற டிப்பர்க்காரத் தம்பிமாரைத் திட்டாத ஆள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இல்லை. நானும் திட்டியிருக்கிறேன், இடதுபக்கம் மண்ணில் இறக்கி உயிர் தப்பிய அன்று. ஆனால் அந்தத் தம்பியோடு தேத்தண்ணிக் கடையில் இருந்து ஐந்து நிமிடம் கதைத்தால் வேறொன்று விளங்கும். அவனுக்கு மாதச் சம்பளம் இல்லை, லோட்டுக்கு இவ்வளவு என்றுதான் காசு. நாளைக்கு ஒரு லோட் கூட அடித்தால்தான் வீட்டில் ஏதாவது மிஞ்சும். அவன் மெதுவாக ஓடினால் முதலாளி அடுத்த கிழமை வேறு ஆளை ஏற்றுவார். பொலிஸ் மறித்துத் தண்டத் துண்டு எழுதினால் அந்தத் துண்டு அவன் பெயரில், அவன் லைசன்ஸில். 3,000 கட்டுகிறதும் அவன். நல்ல மனமுள்ள முதலாளிமார் சிலர் பாதி கொடுப்பார்கள், மற்றவர்கள் "பார்த்து ஓடியிருக்கலாமே" என்பார்கள். அடுத்த லோட்டுக்கு எப்போது வருகிறாய் என்றும் அதே மூச்சில் கேட்பார்கள்.

தண்டம் கட்டுகிற அலுவலும் அப்படித்தான். துண்டு எழுதினால் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையில் இருக்கிற தற்காலிகத் துண்டு 14 நாளுக்குச் செல்லும். அதற்குள் தபாற்கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய், மறித்த அதே பொலிஸ் நிலையத்தில் காட்டி லைசன்ஸை எடுக்க வேண்டும். 14 நாள் தாண்டினால் இரண்டு மடங்கு, அதற்கும் மேல் போனால் கோர்ட். இப்போது போனிலேயே கட்டுகிற வசதி மெல்ல மெல்ல வருகிறது, நல்லது. ஆனால் இத்தனை காலமும் முழங்காவில்காரன் மாங்குளத்தில் மாட்டினால் ஒருநாள் உழைப்பு தண்டத்துக்கும் இன்னொரு நாள் உழைப்பு அலைச்சலுக்கும் போனது. கூலிக்கு ஓடுகிறவனுக்கு இது பெரிய அடி. நாலு டிப்பர் வைத்திருக்கிற ஆளுக்கு இது நடந்ததே தெரியாது.

இன்சூரன்ஸ் இதற்குள் எங்கே வருகிறது என்கிறீர்களா? முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு வரிக்கு வரி வாசிக்கிற ஒரே கடிதம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற கடிதம்தான்.

இங்கே இன்சூரன்ஸ் எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். வாகனத்தின் பெறுமதி என்ன, சொந்தப் பாவனையா வாடகையா, எந்த வகை. அதற்கு ஒரு வீதம். கிளெய்ம் எடுக்காமல் வருடம் போகப் போக நோ கிளெய்ம் போனஸ் என்று கழிப்பார்கள், பல வருடம் சேர்ந்தால் பாதிக்கு மேலும் குறையும். அவ்வளவுதான். எத்தனை தரம் வேகத்துக்குத் துண்டு வாங்கினாய் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த போனஸும் வாகனச் சொந்தக்காரருக்குச் சேர்கிறது, ஓடுகிறவனின் ஓட்டத்துக்கு இல்லை. ஒரு முதலாளியிடம் இரண்டு வண்டியைக் கவிழ்த்தவன் அடுத்த முதலாளியிடம் போய் வெள்ளைக் கடதாசியாக நிற்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறியது, பெறுமதி ஏறினால் கட்டணமும் ஏறும்தானே. நிதானமாக ஓடுகிறவனும் பறக்கிறவனும் அதை ஒன்றாகத்தான் சுமந்தோம். கட்டணத்துக்குப் பயந்து பழைய விலையிலேயே போட்டவர்கள், அடிபட்ட பிறகு கிளெய்மை வெட்டிக் கொடுத்தபோது முழித்தார்கள்.

வெளிநாட்டில் இது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் அங்கே இருக்கிறார். என் பெரியம்மாவின் மகன் ஸ்காபுரோவில் இருக்கிறான். ஓகஸ்டில் வந்தால் என் வானில்தான் திரிவான். ஏறி இருந்தவுடன் "மச்சான், கெதியா விடு, இஞ்ச என்ன கமராவே இருக்கு?" என்பான். அதே ஆள் அங்கே எல்லைக்கு மேல் பத்து ஏற மாட்டான். ஏனடா என்று கேட்டேன். தண்டத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. "இன்சூரன்ஸ் ஏறினா மூண்டு வருசம் இறங்காது மச்சான்" என்றான். அவன் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் எல்லையை 50 கிலோமீற்றர் தாண்டினால் அந்த இடத்திலேயே லைசன்ஸ் 30 நாளுக்குப் போகும், வாகனத்தை 14 நாளுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குக்கூட அவன் இவ்வளவு பயந்ததாகத் தெரியவில்லை. லண்டன் பக்கமும் இதே கதை. தண்டம் 100 பவுண்டும் லைசன்ஸில் 3 புள்ளியும், 3 வருடத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ்காரர் 5 வருடத்துப் பழசையும் கிண்டிக் கேட்பார்கள். ஆள் மாறவில்லை, மனம் மாறவில்லை. பில் எங்கே வருகிறது என்பதுதான் மாறியது.

இங்கேயும் புள்ளிமுறை வருகிறது வருகிறது என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வரட்டும். ஆனால் புள்ளி முழுவதும் சாரதியின் தலையில் மட்டும் விழுந்தால் லோட் கணக்கில் ஓடுகிற தம்பிதான் வீட்டில் இருப்பான், டிப்பர் வேறு ஆளோடு அதே வேகத்தில் போகும். தொழிலுக்கு ஓடுகிற வாகனங்களுக்கு, அந்த வாகனத்தின் மேல் எழுதிய வேகத் துண்டு அந்த வாகனத்தின் இன்சூரன்ஸ் கட்டணத்தில் ஏற வேண்டும். யார் ஓடினாலும் சரி. டிப்பர், லொறி, தனியார் பஸ், என் வான் எல்லாம் இதற்குள் வரட்டும். இரவு பஸ் கொழும்பில் இருந்து எத்தனை மணிக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும் என்று நேரம் குறிக்கிறவர் முதலாளிதானே.

இது முடியாத காரியமும் இல்லை. லீசிங்கில் எடுத்த வாகனங்கள் பலவற்றில் ஏற்கனவே ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறது. சொந்தமாகப் பூட்டிய முதலாளிமாரும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் தன் போனை எடுத்து எனக்குக் காட்டினார். வண்டி எங்கே நிற்கிறது, எஞ்சின் ஓடுதா, சும்மா நிறுத்தி வைத்திருக்கிறானா, டீசல் குறையுதா என்று எல்லாம் விளக்கினார். அந்தத் திரையின் மூலையில் 92 என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. லொறிக்கு 60 என்று சொல்லிப் பார்த்தேன். "அது நேர் ரோட்டு" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இதற்கு எதிர்ப்பக்கம். மோட்டார் சைக்கிளில் தேர்ட் பார்ட்டி, அதாவது அடிபட்ட மற்றவருக்கு மட்டும் கொடுக்கிற இன்சூரன்ஸ், மட்டும் போட்டு வேலைக்குப் போகிறவர்களின் இன்சூரன்ஸில் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. வன்னியில் பாதிக் குடும்பம் ஒரு பைக்கை நம்பித்தான் இருக்கிறது. அதிலும் கூட்டினால் இன்சூரன்ஸ் இல்லாமலே ஓடத் தொடங்குவார்கள். அதற்கான தண்டம் 25,000 ரூபாயில் தொடங்குகிறது என்று தெரிந்தும் ஓடுவார்கள், ஏனென்றால் கையில் காசு இராது. அடிபட்டவனுக்கும் ஒன்றும் கிடைக்காது.

கருத்துப்பகுதியில் ஒருவர் கட்டாயம் எழுதப்போகிறார் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2002இல் பாதை திறந்து 2006 ஓகஸ்டில் மூடும் வரைக்கும், ஓமந்தையைத் தாண்டினால் அப்போது அந்தப் பகுதியை வைத்திருந்த புலிகளின் காவல்துறை வேகம் பார்த்துத் தண்டம் எழுதியது. தெற்கில் இருந்து வந்தவர்களும் கட்டிவிட்டுத்தான் போனார்கள். "அப்படி ஒரு ஒழுங்கு வேண்டும்" என்பது பலருடைய ஏக்கம். எனக்கும் அந்த ரோட்டு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு குழியும் கிடங்கும் தாண்டி இத்தனை டிப்பர் ஓடவும் இல்லை, லோட்டுக்குக் காசு என்ற போட்டியும் இல்லை. மறிக்கிறவரின் சீருடையை மாற்றினால் மட்டும் இந்தக் கணக்கு மாறாது. அப்புறம் இப்போது மறிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆள் நடமாட்டமே இல்லாத நேர்ப்பாதையில் மரத்துக்குப் பின்னால் நிற்கிறதை விட்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு முன்னால் நில்லுங்கள். யாரும் லைற் அடித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

கடைசியாக, அடிபட்ட பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு. வாகனத்தில் அடிபட்டுச் செத்தாலோ ஊனப்பட்டாலோ, எதிர் வாகனத்தின் இன்சூரன்ஸில் இருந்து நட்டஈடு எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியதே அதற்காகத்தான். ஆனால் நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போடுகிற வழக்கு வேறு, நட்டஈட்டுக்கு நீங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டிய வழக்கு வேறு. இரண்டாவதை 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்து அந்த 2 வருடத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். வாகன இலக்கம், முறைப்பாட்டுப் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டு எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு முதல் மாதமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்.