கண்ட்ரோல் டபிள்யூ அழுத்தியது அவன் தப்பா?

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு சேஞ்ச் விண்டோ, அதாவது நெட்வொர்க்கில் மாற்றம் செய்ய ஒதுக்கிய நேரம், நாலு மணிக்குள் முடிக்க வேண்டும், எல்லோரும் சேர்ந்திருக்கும் பிரிட்ஜ் காலில் கிளையண்ட் காத்துக்கொண்டிருக்கிறார், இதற்கு நடுவில் கமாண்டில் ஒரு வார்த்தை தப்பாக விழுந்தது என்று கண்ட்ரோல் டபிள்யூ அழுத்தினால் அந்த வார்த்தை அழிய வேண்டுமா, பிரவுசர் டேப் மூடிக்கொள்ள வேண்டுமா? ஓஎம்ஆரில் நாங்கள் வேலை பார்க்கும் இடத்தில் இப்போது டேப்தான் மூடுகிறது. பாதுகாப்பு என்று சொல்லி லேப்டாப்பிலிருந்து, நாங்கள் கமாண்ட் அடிக்கும் புட்டி (PuTTY) சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு, குரோமுக்குள் ஓடும் ஒரு கன்சோலைக் கொடுத்துவிட்டார்கள். எந்த ரவுட்டரையும் ஸ்விட்சையும் இனி அது வழியாகத்தான் தொட வேண்டுமாம்.

யார் என்ன அடித்தார்கள் என்று ரெக்கார்ட் ஆக வேண்டும், சரி, அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன்னால் நைட் ஷிஃப்டில் உட்காருகிற ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டு, இதில் கொஞ்சம் அடித்துப் பார் என்று சொல்லியிருக்கக் கூடாதா?

சிஸ்கோ ரவுட்டர், ஸ்விட்சுகளில் ஓடும் ஐஓஎஸ்ஸில் கண்ட்ரோல் டபிள்யூ கர்சருக்கு இடப்பக்க வார்த்தையை அழிக்கும். கண்ட்ரோல் ஏ வரியின் முதலுக்குப் போகும், ஈ கடைசிக்கு, யூ அழுத்தினால் கர்சர் நிற்கும் இடத்திலிருந்து வரியின் ஆரம்பம் வரை அழிந்துவிடும். இன்னொரு கம்பெனியான ஜூனிபரின் பெட்டிகளிலும் டபிள்யூவுக்கு இதே வேலைதான். வருஷக்கணக்காக இதிலேயே கிடக்கிறவர்களுக்கு இதெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாகப் போகும். குரோமோ சாதாரண டேபில் டபிள்யூ, டி, என் மூன்றையும் தனக்கென்று வைத்துக்கொள்கிறது, உள்ளே ஓடும் பக்கத்தால் அதைத் தடுக்கவே முடியாது.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு நடந்ததைக் கேளுங்கள். டிரங்க் போர்ட்டில் விலேன் 210 சேர்க்க வேண்டும். விலேன் என்றால் ஸ்விட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க், டிரங்க் போர்ட் என்றால் பல விலேன்கள் ஒன்றாகப் போகும் போர்ட். 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலேன் 210' வரை அடித்துவிட்டு, என்டர் தட்டுவதற்கு முன்னாலேயே 'ஆட்' விட்டுப்போனதைக் கவனித்துவிட்டான். தட்டியிருந்தால் பழைய லிஸ்ட் முழுதும் போய் 210 மட்டும் மிஞ்சியிருக்கும், அந்த டிரங்கில் ஓடிய மற்ற விலேன் எல்லாம் அடிவாங்கியிருக்கும். பார்த்தான், நிறுத்தினான், 210ஐ மட்டும் அழிக்க கண்ட்ரோல் டபிள்யூ அழுத்தினான். டேப் போச்சு, செஷன் போச்சு. மறுபடி லாகின், ஓடிபி, அப்ரூவல், பாதியில் நின்ற கான்ஃபிக் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒவ்வொரு போர்ட்டாகத் தேடல். விண்டோ தாண்டிவிட்டது. மறுநாள் ஆர்சிஏவில், அதாவது பிரச்சினையின் மூல காரணத்தைச் சொல்லும் ரிப்போர்ட்டில், எழுதிய காரணம்: மனிதத் தவறு. அவுட்டேஜைத் தடுத்தவன் பெயரில் தவறு எழுதுகிறீர்களே, மனசாட்சி இருக்கிறதா?

இன்னொரு கோபமும் இருக்கிறது. டி. நகரிலிருந்து வேளச்சேரி வரை நெட்வொர்க்கிங் கோர்ஸ் நடத்துகிறவர்கள் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி என்று ரவுட்டிங் பாடமெல்லாம் நடத்துகிறார்கள், இந்தக் கீகளை அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டேன் என்கிறார்கள். 'ஷோ' என்ற கமாண்டை மாற்றி அடித்துவிட்டால், டிஎன்எஸ் லுக்கப்பை (பெயருக்கு முகவரி தேடுவதை) நிறுத்திவைக்காத ரவுட்டர் அதை வேறொரு மெஷினின் பெயர் என்று நினைத்துத் தேடிக்கொண்டு நிற்கும், அதை நிறுத்தும் கண்ட்ரோல் ஷிஃப்ட் 6 தெரியாத பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அதைவிட ஆபத்து கண்ட்ரோல் இசட். வேர்டில் அது அன்டூ. ஐஓஎஸ் கான்ஃபிக் மோடில் ஒரு சரியான கமாண்டை அடித்துவிட்டு அதன் கடைசியில் இசட் அழுத்தினால், கமாண்ட் ரன்னிங் கான்ஃபிக்கில், அதாவது பெட்டியில் அப்போது ஓடும் செட்டிங்கில், ஏறிவிட்டுத்தான் வெளியே வரும். வேண்டாம் என்று நினைத்து அழுத்துகிறவனுக்கு இதை யார் சொன்னார்கள்?

இத்தனைக்கும் கன்சோல் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. அதே குரோமில் தனி ஆப் விண்டோவாகத் திறந்தால் கண்ட்ரோல் டபிள்யூ உள்ளே இருக்கும் பக்கத்துக்குப் போய்ச் சேரும். கேட்டு டிக்கெட் போட்டோம், பாலிசியில் அனுமதி இல்லை என்று மூடிவிட்டார்கள். அனுமதி கொடுங்கள். அதற்கு முன்னால் அந்த ஆர்சிஏவில் இருக்கிற வரியை எடுங்கள், அப்ரைசலில் அதைக் காட்டி அவனை உட்காரவைக்கப் போகிறார்கள்.