மிஷன் ட்ரிப் போகிறவர்களே, உங்களைக் கூப்பிட்டது யார்?

விடுமுறை நெருங்குகிறது. கிறிஸ்தவ மாணவர் ஐக்கியங்களில் இருந்து, வெளிநாட்டு ஊழியப் பயணத்துக்கு ஆதரவு கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. இன்ன நாடு, இத்தனை பேர், பத்து நாள், ஜெபத்திலும் காணிக்கையிலும் தாங்குங்கள் என்று. நானும் பல வருடமாகக் கொடுத்துக்கொண்டுதான் வருகிறேன். இப்போதெல்லாம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன். அங்கே உங்களைக் கூப்பிட்டது யார்? "கர்த்தர்தான் அண்ணா" என்று உடனே பதில் வரும். சந்தோஷம். அவரைத் தவிர அந்த ஊர்ச் சபையில் வேறு யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டால், போனில் சிறிது நேரம் சத்தம் வராது.

மாணவர்கள் மிஷனுக்குப் போவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் கிடையாது. 1806-ல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இடிமழைக்கு ஒரு வைக்கோல் போரடியில் ஒதுங்கி ஜெபித்தார்கள். அந்த வேகத்தில்தான் 1810-ல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் உருவானது. 1816-ல் யாழ்ப்பாணத்திலும் 1834-ல் மதுரையிலும் மிஷன் தொடங்கியது அந்தச் சங்கம்தான். அதன் வழியாக வந்த மைரன் வின்ஸ்லோ தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1862-ல் வெளிவந்தது; பழைய சொல்லுக்குப் பொருள் தேடுகிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். வருடக்கணக்கில் உட்கார்ந்து நம் மொழியைப் படித்த மனிதர்கள் இவர்கள்.

பத்து நாள் பயணத்தையும் இதே வரிசையில் வைத்து "மிஷனரிகளை வழியனுப்பும் ஆராதனை" நடத்தும்போதுதான் எனக்கு நெருடுகிறது. மேடையில் எல்லோரும் ஒரே நிற டி-ஷர்ட்டில் நிற்க, மூப்பர்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார்கள். (அந்த டி-ஷர்ட் செலவைப் பற்றித் தனிப் பதிவே போடலாம், விடுங்கள்.)

1998-ல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டது. வீடு கட்டிக்கொடுக்க வட அமெரிக்கச் சபைகளில் இருந்து குழு குழுவாக வந்தார்கள். கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் இதைப் பிறகு ஆய்வு செய்தார். அவரும் விசுவாசிதான், ஹோண்டுராஸிலேயே குடியிருப்பவர். வெளியில் இருந்து ஒரு குழு வந்து ஒரு வீடு கட்ட, பயணச் செலவோடு சேர்த்துச் சராசரியாக 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர் அமைப்பு அதே போன்ற வீட்டை 2,000 டாலருக்குக் கட்டியது. யார் கட்டிய வீடு என்பதால் குடியேறியவர்களின் வாழ்க்கையில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. போய்வந்தவர்கள் இனிமேல் இப்படி ஜெபிப்போம், இப்படிக் கொடுப்போம் என்று சொன்னதும் பெரும்பாலும் நிலைக்கவில்லை.

ஊழியத்தைக் காசில் அளக்காதீர்கள் என்பார்கள். சரி, காசை விட்டுவிடுவோம்.

குழு வந்து இறங்கிய ஒரு சின்னச் சபையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். போதகர் குடும்பம் தங்கள் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு கூடத்தில் படுத்துக்கொண்டது. போதகரின் மனைவி விடியுமுன் எழுந்து அத்தனை பேருக்கும் தண்ணீர் காய்ச்சி ஆற வைத்தார். வந்தவர்களில் ஒருவருக்கு வயிற்றுக்கு ஆகாமல் போனாலும் பெயர் கெடுவது அவருக்குத்தானே. அந்தச் சபையில் ஆங்கிலம் தெரிந்தவன் ஒரே ஒரு பையன். காலையில் இருந்து இரவு வரை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து இரண்டாம் நாளே அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் வரிசையாக நடத்திக்கொண்டிருந்த பாடம் நின்றுபோய், அந்த இடத்தில் குழு கொண்டுவந்த ஸ்கிட்டும் ஆக்‌ஷன் பாட்டும் நடந்தன. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் ஆசிரியையிடம் கேட்ட முதல் கேள்வி, "மிட்டாய் இல்லையா டீச்சர்?"

வேண்டாம் என்று அந்தப் போதகர் சொல்லியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அவருக்கு மாதாமாதம் வரும் உதவி, குழுவை அனுப்பிய சபையில் இருந்துதான் வருகிறது. அவர் சிரித்த முகத்தோடு வாசலில் நின்று மாலை போட்டதை வைத்து, கூப்பிட்டார் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம்.

இந்தச் சங்கடம் நம் ஆட்களுக்குப் புதிதா என்ன? 1886-ல் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில் நடந்த மாணவர் முகாமில் நூறு பேர் மிஷனரியாகப் போகத் தயார் என்று முன்வந்தார்கள். அந்த நூறு பேரில் ஒருவர் ஜான் மோட். இருபத்து நான்கு வருடம் கழித்து, 1910-ல், எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். சுமார் 1,200 பேர் கூடிய அந்த மாநாட்டில் ஆசியச் சபைகளில் இருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதில் ஒருவர் நம் தமிழ்நாட்டு வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, அப்போது 35 வயது. வெளிநாட்டு ஊழியர்களும் உள்ளூர் ஊழியர்களும் சேர்ந்து வேலை செய்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். அவர் வேதாகமத்தில் கொரிந்தியர் நிருபத்தின் அன்பின் அதிகாரத்தை எடுத்து அவர்கள் முன்னாலேயே வைத்தார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். மாநாட்டில் பலருக்கு முகம் சுருங்கியது.

அன்று நாம் கேட்கிற இடத்தில் இருந்தோம். இன்று நம் பிள்ளைகள் டிக்கெட் எடுத்து இன்னொரு நாட்டில் போய் இறங்குகிறார்கள். அந்த ஊர் அசரியா நம்மிடம் பேச வந்தால் நாற்காலி போடுவோமா, இல்லை அவர் கையிலும் ஒரு ஸ்கிட் வசனத்தைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வோமா?

திரும்பி வந்து சொல்கிற சாட்சியில் எனக்குப் பிடிக்காத ஒரு வரி உண்டு. "அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" தம்பி, உனக்கு அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லத் தெரியும், நன்றி சொல்லத் தெரியும். அந்த வீட்டுக் கடனைப் பற்றி உன்னிடம் எந்த மொழியில் சொல்லியிருப்பார்கள்? விருந்தாளி வந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

அனாதை இல்லங்கள் விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. பயணத் திட்டத்தில் "குழந்தைகள் இல்லம், இரண்டு நாள்" என்று இருந்தால் நான் கொடுப்பதில்லை. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க ஆள் வருகிறது, ஆளோடு பணம் வருகிறது, அதனால் பிள்ளைகளும் சேர்க்கப்படுகிறார்கள். ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது இந்த வியாபாரத்தையும் கணக்கில் எடுத்தது. வந்த முதல் நிமிடமே முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்காரும் குழந்தையைப் பார்த்து நாம் உருகுகிறோம், படம் எடுத்துப் போடுகிறோம். யார் வந்தாலும் ஒட்டிக்கொள்ளவும், பத்தாம் நாள் விட்டுவிடவும் அந்தக் குழந்தை பழகியிருக்கிறது என்பதுதான் அந்தப் படத்தில் இருக்கும் விஷயம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சட்டம் நியாயமா என்பது வேறு விவாதம். அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சுற்றுலா விசாவில் போய் நற்செய்திக் கைப்பிரதி கொடுத்து, அதை நேரலையில் வேறு போட்டுவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். மறுநாள் காவல் நிலையத்தில் உட்காரப் போவது உள்ளூர்ப் போதகர்.

2007 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் தென்கொரியச் சபைக் குழு ஒன்றின் 23 பேரைத் தாலிபான் கடத்தியது. இரண்டு பேரைக் கொன்றுவிட்டார்கள். மற்றவர்களை மீட்க ஆறு வாரம் ஆனது. தன் படைகளை ஆண்டு இறுதிக்குள் திரும்ப அழைப்பதாகவும் மிஷனரிகள் போவதைத் தடுப்பதாகவும் கொரிய அரசு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இறந்தவர்களின் பக்தியை எடைபோட நமக்குத் தகுதியில்லை. அனுப்புகிற பெரியவர்களைத்தான் கேட்கிறேன். போயே ஆக வேண்டும் என்ற பாரம் மனதில் வந்துவிட்டது என்று பிள்ளைகள் சொன்னால் போதுமா? அந்த நிலத்தில் வாழ்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அப்படியென்றால் போகவே வேண்டாமா என்று கேட்டால், அந்த எல்லைக்கு நான் வரமாட்டேன். கத்தோலிக்க குருவான இவான் இல்லிச், 1968-ல் மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பும் அமெரிக்க மாணவர்கள் முன்னால் நின்று, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. கேட்டு வாங்கும் உதவியில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. பிற்பாடு ஓ.எம். என்ற மிஷன் அமைப்பைத் தொடங்கிய ஜார்ஜ் வெர்வர் 1957-ல் இரண்டு நண்பர்களோடு மெக்சிகோ போனபோது அவரும் மாணவர்தான், அதுவும் ஒரு விடுமுறைப் பயணம்தான். ஆனால் அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை, வாழ்நாள் முழுவதும் அதே வேலையில் இருந்தார்.

எனவே கடிதம் அனுப்புகிறவர்கள் இனி எனக்கு இதையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தச் சபை தன் கையால் எழுதிய அழைப்பு, அதில் அவர்கள் கேட்கும் வேலை என்ன, எத்தனை பேர் போதும், எந்த மாதம் வந்தால் அவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்பது. வேண்டாம் என்று சொன்னாலும் மாத உதவி நிற்காது என்று முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் கேளுங்கள். அப்போதுதான் உண்மையான பதில் வரும். போய்வந்த அறிக்கையையும் அவர்களே எழுதட்டும்.

இந்த முறை ஒரு குழு அப்படிக் கேட்டுப் பார்த்தது. ஸ்கிட்டையும் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதையும் பற்றி அங்கிருந்து ஒரு வரிகூட வரவில்லை. சபைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர், மூன்று வாரத்துக்கு, அறுவடை முடிந்த பிறகு வரட்டும் என்று பதில் வந்தது. குழுவில் மற்றவர்களுக்கு ஏமாற்றம்தான். ஒருவன் கோபத்தில் குரூப்பை விட்டே போய்விட்டான். வணிகவியல் படிக்கும் இரண்டு பெண்கள் போகிறார்கள். அவர்கள் டிக்கெட்டுக்கு என் பங்கை நேற்றே அனுப்பிவிட்டேன்.