பம்பரில் போட்ட ஓட்டை

ஒரு பதிவெண் பலகையை ஒழுங்காகப் பொருத்துவதற்கு இவ்வளவு பாடா? நேற்று மூன்றாவது முறையாக, ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதற்குள், என் ஸ்போர்ட்ஸ் காரின் முன்பலகை ஒரே திருகில் தொங்கி, அடிவாரம் வரை கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

முன் பம்பர் மூக்குப்போல வளைந்திருக்கிறது. பலகையோ 500 மி.மீ. நீளமும் 120 மி.மீ. உயரமும் கொண்ட தட்டையான அலுமினியத் தகடு. சேலத்தில் அதைப் பொருத்திய கடைக்காரர் அளவுகூட எடுக்காமல் டிரில்லரை அழுத்தி இரண்டு ஓட்டை போட்டார். ஓட்டையைச் சுற்றி நகக்கண் அளவுக்குப் பெயின்ட் உரிந்து, கறுப்புப் பிளாஸ்டிக் பல்லிளிக்கிறது. பிராக்கெட் வைக்கச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு சார், திருகே போதும்" என்றார். எது போதும் என்று சொல்ல அது யாருடைய வண்டி? பலகையைக் கீழே இறக்கினால் வேகத்தடை பெயர்த்துவிடுகிறது. மேலே ஏற்றினால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அடைக்கிறது, மலையேறும்போது வெப்பமானி முள்ளைப் பார்த்துப் பார்த்து வயிறு கலங்குகிறது.

பின்பக்கம் இன்னொரு கொடுமை. ஐரோப்பியப் பலகையின் 110 மி.மீ. உயரத்துக்கு வார்த்த குழியில் 120 மி.மீ. தகடு எப்படி உட்காரும்? விளிம்பை மடக்கித் திணித்துவிட்டார்கள். உயர் பாதுகாப்புப் பலகையின் பூட்டு கழற்றினால் உடைந்துபோகும் வகை என்பதால், கோணலாகப் பூட்டியதை நிமிர்த்தவும் வழியில்லை. ஆசையாய் வண்டியைத் துடைக்கும் ஒவ்வொரு காலையும் அந்தக் கோணல்தான் முதலில் கண்ணில் படுகிறது. அளவுகோலை ஒரு தரம் வைத்துப் பார்த்தால் கை தேய்ந்தா போய்விடும்?